தொலை வழுநீக்கத்தில் நுண்கட்டுப்படுத்தி நிரலை மறுதொடக்கம் செய்தல்

தொலை வழுநீக்கத்தில் மறுதொடக்கம் என்பது, ஒரு நுண்கட்டுப்படுத்தியில் ஓடிக்கொண்டிருக்கும் நிரலை, அதனுடன் கம்பி வழியே இணைந்த வேறொரு கணினியிலிருந்து நிறுத்தி, மீண்டும் முதல் கட்டளையிலிருந்து ஓடச் செய்வதாகும். மேசைக் கணினியில் 'ரன்' என்ற ஒரே சொல்லில் முடிந்துவிடும் இந்த வேலைக்கு நுண்கட்டுப்படுத்தியில் ஒரே பொருள் இல்லை. நிரல் எண்ணியை மட்டும் தொடக்கத்துக்குத் திருப்புவது, செயலியை மட்டும் மீளமைப்பது, சில்லு முழுவதையும் மீளமைப்பது, மின்சாரத்தையே துண்டித்து மீண்டும் கொடுப்பது ஆகிய நான்கும் பேச்சுவழக்கில் மறுதொடக்கம் என்றே சொல்லப்படுகின்றன. ஆனால் முந்தைய ஓட்டத்தின் எச்சங்களில் எவை அழியும், எவை தங்கும் என்பது நான்கிலும் வேறுபடும். இந்த வேறுபாட்டை அறியாமல் வேலை செய்பவர், இல்லாத வழுவைத் தேடி ஒரு நாளை வீணாக்கக்கூடும். இருக்கும் வழுவைப் பார்க்காமலே கருவியை வெளியே அனுப்பிவிடவும் கூடும்.

மாணவர்களிடையே பரவலாகப் புழங்கும் ஓர் அமைப்பு இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது: ஏஆர்எம் நிறுவனத்தின் கார்டெக்ஸ்-எம்3 செயலியைக் கொண்ட எஸ்டிஎம்32எஃப்103 சில்லு, எஸ்டி-லிங்க் இணைப்புக் கருவி, ஓப்பன்ஓசிடி சேவையகம், ஜிடிபி வழுநீக்கி. கட்டளைகள் ஒலிப்பின்படி தமிழில் தரப்பட்டுள்ளன. கணினியில் அவற்றை ஆங்கில எழுத்துகளில்தான் தட்டச்சு செய்ய வேண்டும்.

மேசைக் கணினியிலிருந்து வேறுபாடு

லினக்ஸ் கணினியில் ஜிடிபியிடம் 'ரன்' என்று சொன்னால், ஏற்கெனவே ஓடும் நிரலை மீண்டும் தொடங்கலாமா என்று அது கேட்கும். 'ஆம்' என்றதும் பழைய செயல்முறை கொல்லப்படும். அதன் நினைவகம், திறந்து வைத்திருந்த கோப்புகள், இழைகள் அனைத்தையும் இயக்குதளம் திரும்ப எடுத்துக்கொள்ளும். புதிய செயல்முறைக்குத் துப்புரவான நினைவகம் கிடைக்கும். இவற்றில் எதையும் வழுநீக்கி செய்வதில்லை. எல்லாம் இயக்குதளத்தின் வேலை.

நுண்கட்டுப்படுத்தியில் பெரும்பாலும் இயக்குதளம் என்ற ஒன்றே இருக்காது. செயல்முறை என்ற கருத்தும் அங்கு இல்லை. சில்லில் உள்ளது ஒரே நிரல். அது மின்சாரம் வந்த கணத்தில் தொடங்குகிறது, முடிவதே இல்லை. அதைக் கொல்லவோ, அது விட்டுச்சென்றதைத் துடைக்கவோ ஆளில்லை. டைமர், யுஆர்ட், ஏடிசி, டிஎம்ஏ போன்ற புறச்சுற்றுகளுக்கு நிரல் எந்த அமைப்பைக் கொடுத்ததோ அந்த அமைப்பிலேயே, யாராவது மாற்றும்வரை, அவை இருந்துகொண்டிருக்கும். நிரலைத் தொடக்கத்திலிருந்து ஓடவிடுவது எளிது. வன்பொருளைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவருவதுதான் கடினம்.

இடையில் இருக்கும் கண்ணிகள்

ஜிடிபியை 1986-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் எழுதினார். அது நுண்கட்டுப்படுத்தியுடன் நேரடியாகப் பேசுவதில்லை. கணினியிலேயே ஓடும் சேவையகம் ஒன்றுடன் வலையிணைப்பு வழியே பேசுகிறது. ஓப்பன்ஓசிடி இயல்பாக 3333 என்ற துறையில் ஜிடிபிக்காகக் காத்திருக்கும். 2005-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் டொமினிக் ராத் தம் பட்ட ஆய்வேடாக உருவாக்கிய மென்பொருள் இது. இதிலிருந்து யூஎஸ்பி வழியாக எஸ்டி-லிங்க் கருவிக்கும், அங்கிருந்து எஸ்டபிள்யூடி எனப்படும் இருகம்பி இணைப்பின் வழியாகச் சில்லுக்கும் செய்தி போகிறது.

ஜிடிபிக்கும் சேவையகத்துக்கும் இடையிலான நெறிமுறை மிகச் சிக்கனமானது. பதிவகத்தைப் படி, நினைவகத்தில் எழுது, ஒரு கட்டளை முன்னேறு, தொடர்ந்து ஓடு என்பன போன்ற சிறு பொதிகளால் ஆனது. மறுமுனையில் எந்தச் சில்லு இருக்கிறது, அதன் மீளமைப்பு முனை எங்கே, எந்தப் பிட்டை எழுதினால் அது மீளமையும் என்பவை ஜிடிபிக்குத் தெரியாது. அவை தெரிந்த இடம் சேவையகம். மறுதொடக்கத்தில் வரும் குழப்பங்களில் பாதி இந்த அறிவுப் பங்கீட்டிலிருந்து பிறப்பவையே.

'ரன்' ஏன் மறுக்கப்படுகிறது

'டார்கெட் ரிமோட்' என்ற முறையில் இணைந்தபின் 'ரன்' கொடுத்தால், இந்த இலக்கு அதை ஆதரிக்கவில்லை, 'கன்டினியூ' கட்டளையை முயன்று பாருங்கள் என்ற பொருளில் ஜிடிபி பிழைச்செய்தி காட்டும். புதியவர்கள் பலர் முதலில் மோதிக்கொள்ளும் சுவர் இதுதான். செய்தி தவறானதல்ல. அந்த முறையில், நிரல் முன்பே ஓடிக்கொண்டிருக்கிறது, வழுநீக்கி இடையில் வந்து ஒட்டிக்கொண்டது என்பதே ஏற்பாடு. புதிதாக ஒன்றைத் தொடங்கும் பொதி அதில் பயன்படுத்தப்படுவதில்லை.

'டார்கெட் எக்ஸ்டெண்டட்-ரிமோட்' என்ற விரிந்த முறையில் அத்தகைய பொதிகள் உண்டு. சேவையகம் ஆதரித்தால் 'ரன்' அங்கே வேலை செய்யும். ஆனால் அந்தப் பொதியைப் பெற்றதும் எவ்வகை மீளமைப்பைச் செய்வது என்பது சேவையகத்தின் முடிவு. சில சேவையகங்கள் எந்தக் கோப்பை ஓட்டுவது என்று கேட்டு நிற்பதும் உண்டு. கோப்பு முறைமையே இல்லாத சில்லுக்கு அந்தக் கேள்வி பொருளற்றது. இந்தக் காரணங்களால், விரிந்த முறை கிடைத்தாலும் மீளமைப்பைத் தெளிவாகப் பெயர் சொல்லிக் கேட்பதே நல்ல வழக்கம்.

குறுக்குவழியும் அதன் விலையும்

'ரன்' மறுக்கப்பட்டதும் பலர் கண்டுபிடிக்கும் வழி 'ஜம்ப்' கட்டளை. 'ஜம்ப் மெயின்' என்றால் நிரல் மெயின் செயற்கூற்றிலிருந்து ஓடத் தொடங்கும். திரையில் பார்ப்பதற்கு மறுதொடக்கம் போலவே இருக்கும். உண்மையில் மாறுவது நிரல் எண்ணி ஒன்று மட்டுமே. அடுக்குச் சுட்டி, மற்றப் பதிவகங்கள், நினைவகம் எதையும் இக்கட்டளை தொடாது என்று ஜிடிபியின் கையேடே சொல்கிறது.

இதன் முதல் விளைவு மாறிகளில் தெரியும். சி மொழியில் எண்ணிக்கை = 0 என்று தொடக்க மதிப்பிட்டு அறிவித்த முழுதளாவிய மாறி, மெயின் தொடங்கும்போது சுழியமாக இருக்கும் என்று நிரலாளர் எதிர்பார்க்கிறார். அந்தச் சுழியத்தை மெயின் போடுவதில்லை. மெயினுக்கு முன் ஓடும் தொடக்கநிரல் போடுகிறது. அதுதான் தொடக்க மதிப்புகளை ஃபிளாஷ் நினைவகத்திலிருந்து ரேமுக்குப் படியெடுத்து, மதிப்பில்லாத மாறிகளின் பகுதியைச் சுழியமாக்கி, பிறகு மெயினை அழைக்கும். மெயினுக்கே தாவினால் இந்த வேலை நடக்காது. எண்ணிக்கையில் 417 இருந்தால் 417 ஆகவே தொடரும்.

இதையறிந்தவர்கள் ஒரு படி பின்னால் சென்று, தொடக்கநிரலின் முதல் வரியான ரீசெட் கையாளிக்குத் தாவுவார்கள். மாறிகள் சரியாகிவிடும். அடுக்குச் சுட்டி சரியாகுமா என்பது தொடக்கநிரலைப் பொறுத்தது. சில தொடக்கநிரல்கள் அதைத் தாமே அமைத்துக்கொள்கின்றன. சில, வன்பொருள் அதைச் செய்துவிட்டிருக்கும் என்று நம்பி விட்டுவிடுகின்றன. பின்னதில் ஒவ்வொரு தாவலிலும் அடுக்கு இருந்த இடத்திலிருந்தே கீழிறங்கும். எஸ்டிஎம்32எஃப்103சி8 சில்லில் உள்ள ரேம் 20 கிலோபைட்தான். ஒன்றிரண்டு முறை தாங்கும், பிறகு ஏதோ ஒரு மாறி காரணமின்றிக் கெடும்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. அதிகம் பேரை அலைக்கழிப்பது அதுவாகத்தான் இருக்க வேண்டும். நிரல் தவறான முகவரியைத் தொட்டு ஹார்டுஃபால்ட் கையாளியில் சிக்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வழுநீக்கத்தில் மறுதொடக்கம் தேவைப்படும் மிக இயல்பான தருணம் இது. காரணம் புரிந்துவிட்டது போலத் தோன்றுகிறது, ஒரு மாறியைத் திருத்திவிட்டு 'ஜம்ப்' கொடுத்து ரீசெட் கையாளிக்குத் தாவுகிறார்கள். நிரல் தொடங்குகிறது, விளக்கு ஒருமுறை எரிகிறது, பிறகு உறைந்துவிடுகிறது. நிறுத்திப் பார்த்தால் செயலி நேரத்தாமதச் செயற்கூறு ஒன்றுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும்.

காரணம் செயலியின் நிலையில் உள்ளது. கார்டெக்ஸ்-எம் செயலி எப்போதும் இரண்டு நிலைகளில் ஒன்றில் இருக்கும்: இயல்பான நிரல் ஓடும் இழை நிலை, குறுக்கீடுகளும் பிழைகளும் கையாளப்படும் கையாளி நிலை. கையாளியிலிருந்து முறைப்படி திரும்பினால்தான் செயலி இழை நிலைக்கு வரும். 'ஜம்ப்' முறையான திரும்புதல் அல்ல. ஆகவே செயலியைப் பொறுத்தவரை அது இன்னும் ஹார்டுஃபால்ட்டுக்குள்தான் இருக்கிறது. ஹார்டுஃபால்ட்டின் முன்னுரிமை, சாதாரணக் குறுக்கீடுகள் எல்லாவற்றினும் உயர்ந்தது. அது முடியாதவரை சிஸ்டிக் டைமரின் குறுக்கீடு உள்ளே வர முடியாது. சிஸ்டிக் வராவிட்டால் மில்லிநொடிக் கணக்கு ஏறாது. எஸ்டி நிறுவன நூலகத்தின் தாமதச் செயற்கூறு அந்தக் கணக்கு ஏறுவதற்காகவே காத்திருக்கிறது. முடிவில்லாமல் காத்திருக்கும். திருத்திய மாறியில் பிழை இல்லை, தாமதச் செயற்கூற்றிலும் பிழை இல்லை. வழு மறுதொடக்கத்தில் இருக்கிறது. நிரல் நின்றிருக்கும்போது எக்ஸ்பிஎஸ்ஆர் பதிவகத்தின் கடைசி 9 பிட்டுகளைப் பார்த்தால் இது உடனே தெரியும். அங்கே 3 இருந்தால் ஹார்டுஃபால்ட், 0 இருந்தால் இழை நிலை.

புறச்சுற்றுகளின் எச்சம் இன்னொரு வகை. கடிகாரப் பெருக்கியான பிஎல்எல் முறைமைக் கடிகாரமாக ஓடிக்கொண்டிருக்கையில் அதன் அமைப்பை மாற்ற வன்பொருள் இடம் தராது. முதல் ஓட்டத்தில் வென்ற கடிகார அமைப்புச் செயற்கூறு, தாவி வந்த இரண்டாம் ஓட்டத்தில் பிழையைத் திருப்பிவிட்டு நிரலைப் பிழைக் கண்ணியில் தள்ளக்கூடும். டிஎம்ஏ இன்னும் மோசம். செயலி நிறுத்தப்புள்ளியில் நின்றிருந்தாலும் டிஎம்ஏ இயல்பாக நிற்பதில்லை. பழைய நிரல் ஏடிசி அளவீடுகளை வட்டமாக ஓர் அணிக்குள் எழுதச் சொல்லியிருந்தால், அது எழுதிக்கொண்டே இருக்கும். இதற்கிடையே 'லோடு' கட்டளையால் புதிய நிரலை ஏற்றினால், நினைவகத்தில் மாறிகளின் இடங்கள் மாறியிருக்கும். பழைய அணி இருந்த முகவரியில் இப்போது வேறு மாறி இருக்கும். டிஎம்ஏ அதன்மேல் அளவீடுகளைக் கொட்டும். மூல நிரலை எத்தனை முறை படித்தாலும் அந்த மாறியைக் கெடுக்கும் வரி அகப்படாது, ஏனெனில் அப்படி ஒரு வரி அதில் இல்லை.

'லோடு' முடிந்ததும் ஜிடிபி நிரல் எண்ணியைப் புதிய நிரலின் தொடக்க முகவரியில் வைக்கும். இதைப் பார்த்து மீளமைப்பு நடந்துவிட்டதாக நினைப்பது பரவலான பிழை. வன்பொருளைப் பொறுத்தவரை அதுவும் ஒரு தாவல்தான். அதனால்தான் கையேடுகள் ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு மீளமைப்பைச் சொல்கின்றன.

உண்மையான மீளமைப்பு

சேவையகத்துக்கே கட்டளையிட ஜிடிபியில் உள்ள வாயில் 'மானிட்டர்'. அதன்பின் வரும் சொற்களை ஜிடிபி படித்துப் பார்க்காமல் அப்படியே சேவையகத்துக்கு அனுப்பிவிடும். 'மானிட்டர் ரீசெட் ஹால்ட்' என்றால், சில்லை மீளமைத்து முதல் கட்டளை ஓடுவதற்கு முன் நிறுத்து என்று பொருள். 'ரீசெட் ரன்' மீளமைத்து ஓடவிடும். 'ரீசெட் இனிட்' மீளமைத்து நிறுத்தி, அந்தச் சில்லுக்கென எழுதப்பட்ட அமைப்புக் கட்டளைகளையும் ஓட்டும். கடைசி வகையில் கவனம் தேவை. எஸ்டிஎம்32எஃப்4 குடும்பத்துக்கான ஓப்பன்ஓசிடி கோப்பு, ஃபிளாஷ் எழுதுவதை விரைவுபடுத்த அந்த இடத்தில் கடிகாரத்தை உயர்த்திவிடுகிறது. கடிகாரத்தை அமைக்க மறந்த நிரல் அதன்பின் வேறு வேகத்தில் ஓடும். யுஆர்ட் எழுத்துகள் சரியாக வருவதும் குப்பையாக வருவதும் மறுதொடக்கம் செய்த விதத்தைப் பொறுத்து மாறும்.

கார்டெக்ஸ்-எம்3 மீளமையும்போது வன்பொருள் செய்யும் வேலை எளியது. வெக்டர் அட்டவணையின் முதல் சொல்லை அடுக்குச் சுட்டியில் ஏற்றும். இரண்டாம் சொல்லை, அதாவது ரீசெட் கையாளியின் முகவரியை, நிரல் எண்ணியில் ஏற்றும். செயலி இழை நிலையில் தொடங்கும். எஸ்டிஎம்32 சில்லுகளில் இந்த அட்டவணை வழக்கமாக ஃபிளாஷின் தொடக்கத்தில், பதினாறடிமான முகவரி 08000000-இல் இருக்கும். முதல் கட்டளைக்கு முன்பே செயலியை நிறுத்த, மீளமைப்பைப் பொறி வைத்துப் பிடிக்கும் ஒரு பிட்டைச் சேவையகம் முன்கூட்டியே எழுதி வைக்கிறது. மீளமைத்துவிட்டு ஓடிப்போய்ப் பிடிப்பதாக இருந்தால், யூஎஸ்பி செய்தி போய்ச் சேரும் நேரத்துக்குள் சில்லு பல்லாயிரம் கட்டளைகளைக் கடந்திருக்கும்.

மீளமைப்பிலும் ஆழம் வேறுபடும். இச்செயலியில் இரண்டு பிட்டுகள் இதற்கென உள்ளன. சிஸ்ரீசெட்ரெக் என்பது சில்லு முழுவதையும், புறச்சுற்றுகளையும் சேர்த்து, மீளமைக்கக் கோரும். வெக்ட்ரீசெட் செயலியை மட்டும் மீளமைத்துப் புறச்சுற்றுகளை அப்படியே விட்டுவிடும். பின்னது நடந்திருந்தால், மேலே சொன்ன டிஎம்ஏ சிக்கலும் பிஎல்எல் சிக்கலும் 'ரீசெட் ஹால்ட்' கொடுத்த பிறகும் தொடரும். கார்டெக்ஸ்-எம்0 செயலியில் வெக்ட்ரீசெட் கிடையாது. ஓப்பன்ஓசிடியில் எது பயன்பட வேண்டும் என்பதை அமைப்புக் கோப்பில் ஒரு வரியால் தீர்மானிக்கலாம். எந்தக் கோப்பையும் பிரதியெடுத்துப் பயன்படுத்துவதற்கு முன் அந்த ஒரு வரியையாவது படிப்பது நலம்.

மூன்றாவது வழி, சில்லின் மீளமைப்பு முனையையே கம்பி வழியாகத் தாழ்த்துவது. இருகம்பி இணைப்போடு கூடுதலாக ஒரு கம்பி வேண்டும். பலர் இதை இணைப்பதில்லை, தேவைப்படும் நாள் வரும்வரை. ஓடும் நிரல் பிஏ13, பிஏ14 முனைகளை வேறு வேலைக்கு மாற்றிவிட்டாலோ, சில்லை ஆழ்ந்த உறக்கத்தில் தள்ளிவிட்டாலோ வழுநீக்கியால் உள்ளே நுழைய முடியாது. அப்போது மீளமைப்பு முனையைத் தாழ்த்திப் பிடித்தபடியே இணைந்து, நிரல் ஓடத் தொடங்குமுன் செயலியை நிறுத்துவதுதான் வழி. அந்தக் கம்பி இல்லாதவர்கள் பலகையிலுள்ள மீளமைப்புப் பொத்தானை விரலால் அழுத்திப் பிடித்து, சரியான கணத்தில் விடுவிக்கப் பழகிக்கொள்கிறார்கள்.

ஜிடிபியின் பழைய நினைவு

'மானிட்டர் ரீசெட் ஹால்ட்' வெற்றி பெற்றபின்னும் ஒரு குழப்பம் எஞ்சும். பின்தடம் கேட்டால், செயலி இன்னும் பழைய செயற்கூற்றிலேயே நிற்பதாக ஜிடிபி காட்டக்கூடும். சேவையகத்துக்கு அனுப்பிய சொற்களை ஜிடிபி படிக்கவில்லை என்பதால், அதனால் பதிவகங்கள் மாறியிருக்கும் என்று அதற்குத் தெரியாது. கடைசியாகப் படித்து வைத்த மதிப்புகளையே அது காட்டுகிறது. மீளமைப்பு நடக்கவில்லை என்று எண்ணித் திரும்பத் திரும்ப அதையே கொடுப்பவர்கள் உண்டு. 'மெயின்டனன்ஸ் ஃப்ளஷ் ரெஜிஸ்டர்-கேஷ்' என்ற கட்டளை பழைய மதிப்புகளைத் தூக்கி எறியச் செய்யும். பழைய பதிப்புகளில் இதன் பெயர் 'ஃப்ளஷ்ரெக்ஸ்'. 'ஸ்டெப்பை' கொடுத்து ஒரே ஒரு கட்டளை முன்னேறினாலும் ஜிடிபி புதிதாகப் படித்துக்கொள்ளும்.

இத்தனையையும் ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்வது அலுப்பு. அலுப்பு வந்தால் படிகள் விடுபடும். எனவே ஜிடிபியின் தொடக்கக் கோப்பில் 'டிஃபைன்' கொண்டு ஒரு சொந்தக் கட்டளையை ஆக்கிக்கொள்ளலாம்:

டிஃபைன் மறுபடி
மானிட்டர் ரீசெட் ஹால்ட்
மெயின்டனன்ஸ் ஃப்ளஷ் ரெஜிஸ்டர்-கேஷ்
டிஎச்பிரேக் மெயின்
கன்டினியூ
எண்ட்

நான்காம் வரி ஒருமுறை மட்டும் செயல்படும் வன்பொருள் நிறுத்தப்புள்ளியை மெயினில் வைக்கிறது. ஃபிளாஷில் உள்ள நிரலுக்கு வன்பொருள் நிறுத்தப்புள்ளிகளே பொருந்தும். இந்தச் சில்லில் அவை 6 மட்டுமே. ஆறையும் நிரந்தரமாகப் பயன்படுத்திவிட்டால் இந்த வரி தோற்கும். 'மறுபடி' என்ற இடத்தில் ஆங்கில எழுத்தில் எந்தப் பெயரையும் வைத்துக்கொள்ளலாம்.

கேட்காமல் வரும் மறுதொடக்கம்

நிறுத்தப்புள்ளியில் நிற்கும் நிரலை ஆற அமர ஆராய்ந்துவிட்டு 'கன்டினியூ' கொடுத்தால், அடுத்த வரிக்குப் போகாமல் மீண்டும் மெயினில் வந்து நிற்பதுண்டு. பெரும்பாலும் இது வாட்ச்டாக் எனப்படும் காவல் டைமரின் வேலை. நிரல் குறித்த கால இடைவெளியில் அதைத் தட்டிக்கொடுக்க வேண்டும், தவறினால் அது சில்லை மீளமைத்துவிடும். எஸ்டிஎம்32 சில்லின் தனிக் காவல் டைமர் சொந்தக் கடிகாரத்தில் ஓடுகிறது. தொடங்கிவிட்டால் மென்பொருளால் அதை நிறுத்த முடியாது. எஃப்103-இல் அந்தக் கடிகாரம் ஏறத்தாழ 40 கிலோஹெர்ட்ஸ். எவ்வளவு தாராளமாக அமைத்தாலும் சுமார் 26 நொடிகளுக்கு மேல் அது பொறுக்காது. மனிதர் ஒரு மாறியைப் பார்த்து யோசிக்க அந்த நேரம் போதாது.

இதற்கெனவே செயலி நின்றிருக்கும்போது காவல் டைமரும் நிற்கும்படி செய்யும் பிட் ஒன்று சில்லின் வழுநீக்கப் பதிவகத்தில் உள்ளது. அதைச் சேவையகத்தின் அமைப்புக் கோப்பிலிருந்து எழுதுவதே முறை. நிரலுக்குள் எழுதினால், விற்பனைக்குப் போகும் நிரலிலும் அந்த வரி தங்கிவிடும். காவல் டைமரையே நிரலிலிருந்து தற்காலிகமாக நீக்குவது அதைவிடக் கெட்ட பழக்கம், 'தற்காலிகம்' எளிதில் நிரந்தரமாகிவிடும்.

கடைசி மீளமைப்பு எதனால் வந்தது என்பதைச் சில்லே குறித்து வைக்கிறது. மின்சாரம் வந்தது, முனை தாழ்ந்தது, மென்பொருள் கேட்டது, காவல் டைமர் கடித்தது என ஒவ்வொன்றுக்கும் ஆர்சிசி பதிவகங்களில் ஒரு பிட் உண்டு. நிரல் அவற்றைப் படித்துவிட்டு அழிக்காவிட்டால் பழைய காரணங்களும் சேர்ந்தே தெரியும் என்பதை மறக்கக் கூடாது.

மீளமைப்பையும் தாண்டி வாழ்பவை

சில்லு முழுவதையும் மீளமைத்தாலும் ரேமில் உள்ளவை அழிவதில்லை. மின்சாரம் இருக்கும்வரை அவை அப்படியே இருக்கும். தொடக்கநிரல் தொடாத பகுதியில், எடுத்துக்காட்டாகத் தொடக்க மதிப்பு தரப்படாமல் அடுக்கில் அமையும் உள்ளக மாறியில், முந்தைய ஓட்டத்தின் நல்ல மதிப்பே கிடந்து, நிரல் சரியாக வேலை செய்வதுபோல் தோன்றும். மேசையில் நூறு முறை மறுதொடக்கம் செய்தும் தெரியாத அந்த வழு, காலையில் கருவிக்கு மின்சாரம் கொடுத்த முதல் கணத்தில் வெளிப்படும். மின்சாரம் புதிதாக வரும்போது ரேமில் என்ன இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இதே பண்பை நன்மையாகவும் பயன்படுத்தலாம். தொடக்கநிரல் சுழியமாக்காத தனிப் பகுதி ஒன்றை ஒதுக்கி, பிழை நேர்ந்த முகவரியை அங்கே எழுதிவிட்டு மீளமைந்தால், அடுத்த ஓட்டத்தில் அதைப் படித்துக்கொள்ளலாம்.

பேட்டரியால் காக்கப்படும் நேரக் கடிகாரப் பகுதியும் மீளமைப்பைத் தாண்டி நிற்கும். ஃபிளாஷில் எழுதப்பட்டது மின்சாரம் போனாலும் போகாது. 2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கிய நாசாவின் ஸ்பிரிட் ஊர்தி இதற்குப் பெயர்பெற்ற சான்று. அது நுண்கட்டுப்படுத்தியல்ல, பெரிய கணினி. ஆனால் சிக்கல் இதே இனம். ஃபிளாஷில் கோப்புகள் பெருகியதால், தொடங்கும்போது கோப்பு முறைமையை ஏற்ற ரேம் போதவில்லை. நிரல் விழுந்து மீளமைந்தது. மீளமைந்ததும் அதே கோப்பு முறைமையை ஏற்ற முயன்று மீண்டும் விழுந்தது. ஃபிளாஷைத் தொடாமல் தொடங்கும்படி பூமியிலிருந்து கட்டளை அனுப்பிய பிறகே சுழல் நின்றது.

பலகையில் உள்ள மற்றச் சில்லுகளுக்கு நுண்கட்டுப்படுத்தி மீளமைந்த செய்தியே தெரியாது. ஐ2சி கம்பியில் உணரி ஒன்றிலிருந்து ஒரு பைட்டைப் படித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் மீளமைத்தால், உணரி அடுத்த கடிகாரத் துடிப்புக்காகத் தரவுக் கம்பியைத் தாழ்த்திப் பிடித்தபடி காத்திருக்கும். புதிதாகத் தொடங்கிய நிரல் கம்பி ஓய்வாக இல்லை என்று கண்டு நின்றுவிடும். மீளமைப்புப் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் பயனில்லை. கடிகாரக் கம்பியில் 9 துடிப்புகளை அனுப்பினால் உணரி மீதமுள்ள பிட்டுகளைக் கொட்டிவிட்டுக் கம்பியை விடும். ஐ2சி தர ஆவணம் பரிந்துரைக்கும் தீர்வு இதுவே. வழுநீக்கத்துக்காக மட்டுமல்லாமல், காவல் டைமர் கடிக்கும் நாளுக்காகவும் இதைத் தொடக்கச் செயற்கூற்றில் சேர்ப்பது வழக்கம்.

ஃபிளாஷும் பேட்டரியால் காக்கப்படும் பகுதியும் நீங்கலாக, மற்றவற்றை ஒரேயடியாகத் துடைக்க மின்சாரத்தைத் துண்டிப்பதே வழி. இருகம்பி இணைப்பையும் கழற்றிவிட்டு, வழுநீக்கி இல்லாமல் கருவி தானாகத் தொடங்குகிறதா என்று பார்ப்பது கடைசிச் சோதனை. அப்போதும் ஒரு பொறி உண்டு. பலகையின் மின்சாரத்தை நிறுத்தியும், யூஎஸ்பி-சீரியல் கம்பி செருகியே இருந்தால், அதன் அனுப்பு முனையில் இருக்கும் 3.3 வோல்ட் நுண்கட்டுப்படுத்தியின் முனைப் பாதுகாப்பு டையோடு வழியே உள்ளே கசியும். ரேம் தன் உள்ளடக்கத்தைக் காத்துக்கொள்ள அந்தக் கசிவே போதுமானதாகிவிடலாம். விளக்கு அணைந்திருக்கும், பழைய மதிப்புகள் உள்ளே இருக்கும். ஆகவே குளிர்ந்த தொடக்கத்தைச் சோதிப்பவர்கள் சீரியல் கம்பியையும் பிடுங்கி, மின்தேக்கிகள் வடியச் சில நொடிகள் விட்டு, பிறகே மின்சாரத்தைக் கொடுக்கிறார்கள்.